பையில் ஒட்டியிருந்த சீட்டு

குழு: கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள்

ஞாயிற்றுக்கிழமை

சின்ன மாமா, காலை 6:38
படம்
படம்
வேலந்தாவளம் ரோட்டை ஒட்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் நம் தோப்பு வேலியோரம் ராத்திரி யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மஞ்சள் பை, சிவப்புப் பை. இரண்டை நாய் கிழித்து இழுத்துப் போட்டிருக்கிறது. பஞ்சு, ரத்தக் கறை, குளுக்கோஸ் குழாய். தண்ணீர் கட்ட வந்தவன் அப்படியே நிற்கிறேன்.

ராணி சித்தி, 6:41
ஐயோ! வாய்க்கால் பக்கமா அண்ணா?

சின்ன மாமா, 6:42
வாய்க்காலுக்கும் அதற்கும் பத்தடி இருக்காது. மழை வந்தால் நேராகக் கிணற்றுக்குத்தான் போகும். காய்ந்த மட்டை கிடக்கிறது, மேலே போட்டுக் கொளுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

கோவை செல்வி, 6:44
மாமா, கொளுத்தாதீங்க! கையாலும் தொடாதீங்க.
சிவப்புப் பையில் இருப்பது எல்லாம் பிளாஸ்டிக். குழாய், சலைன் பாட்டில், கையுறை. மட்டைத் தீயில் அது எரிந்தால் அந்தப் புகை தோப்பில் இருக்கிறவர்கள் நெஞ்சுக்குள்தான் போகும். ஊசி எல்லாம் குத்தாத வெள்ளை டப்பாவில் போட வேண்டியது. ஒழுங்கில்லாத இடமென்றால் எந்தப் பையிலும் கிடக்கும். ஒரு குத்துப் போதும்.
அப்புறம், எரித்துவிட்டால் அது யார் பை என்பதும் சேர்ந்து எரிந்துபோகும். பையில் சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்க.

சேனை அத்தை, 6:47
ஏனுங்க, ரப்பர் செருப்போடுதானே போயிருக்கீங்க? நின்ற இடத்திலேயே நில்லுங்க. பூட்ஸும் கனமான கையுறையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பெரியப்பா, 6:55
கேரளாக் கழிவாகத்தான் இருக்கும். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 3 நாள் கெடு வைத்த பிறகு கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. மறு வருஷம் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தையே திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களையும் அதில் சேர்த்தார்கள். அவ்வளவுக்குப் பிறகும் துணிகிறார்கள் பாருங்கள்.

நான், 6:58
எந்த ஆஸ்பத்திரி என்று அப்போது எப்படிக் கண்டுபிடித்தார்கள் பெரியப்பா?

பெரியப்பா, 7:01
கழிவுக்குள் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களே காட்டிக்கொடுத்தன.

கோவை செல்வி, 7:02
அதைத்தான் சொல்கிறேன். காகிதம் எரிந்திருந்தால் திருநெல்வேலியிலும் அது வெறும் குப்பைமேடாகத்தான் இருந்திருக்கும்.

சேனை அத்தை, 7:30
வந்துவிட்டேன். கையுறை போட்டுக் குச்சியால் தள்ளிப் பார்த்தோம். மொத்தம் 11 பை. ஒன்றில் மட்டும் சீட்டு பாதி கிழியாமல் இருக்கிறது. கோடு கோடாக பார்கோடு, கீழே தேதி.

சின்ன மாமா, 7:33
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோவை செல்வி, 7:35
நான்தான் நீக்கச் சொன்னேன். மாமா, அந்தப் படத்தை எனக்கு மட்டும் அனுப்புங்க. குழுவில் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

ராணி சித்தி, 7:36
நான் பார்த்துவிட்டேன் செல்வி. அது கேரளா இல்லை. கோயம்புத்தூர் பக்கம். அந்த நர்சிங் ஹோம். கார்த்தி பிறந்ததே அங்கேதான்.

பெரியப்பா, 7:40
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

சேனை அத்தை, 7:42
பரவாயில்லை அண்ணா. நாங்கள் இருப்பது கேரளா, தோப்பு இருப்பது தமிழ்நாடு. இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. குப்பைக்கு எல்லை தெரியாது, கொட்டுகிறவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் புகார் போனால் அந்தப் பக்கம் என்பான், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் என்பான்.

கோவை செல்வி, 7:58
சீட்டு ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லும். கொட்டியவன் பெயரைச் சொல்லாது. அதனால்தான் நீக்கச் சொன்னேன்.
எங்கள் ஆஸ்பத்திரியில் கழிவு அறைப் பதிவேடு என் பொறுப்பில்தான் இருக்கிறது, அதனால் தெரிந்ததை எழுதுகிறேன். 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி வார்டிலேயே நிறம் பிரிக்க வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு, காலாவதியான மருந்து மஞ்சள் பையில் போய் எரிஉலைக்குப் போகும். பிளாஸ்டிக் குழாய் சிவப்பில் போய் நீராவியில் வேகவைத்துத் துண்டாக்கப்படும். கண்ணாடி நீலத்தில். ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்டி, தினமும் எடை போட்டு எழுதுகிறேன். சீட்டில் கழிவு உண்டான தேதி, என்ன வகை, அனுப்புகிறவர், பெறுகிறவர் எல்லாம் இருக்க வேண்டும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வண்டி வரும்போது பையை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள், வண்டியில் ஜிபிஎஸ் இருக்கும், கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மறுபடி ஸ்கேன், மறுபடி எடை.
ஆக, இந்தப் பை ஏற்றும்போது ஸ்கேன் ஆகியிருந்தால் தவறு ஆஸ்பத்திரியைத் தாண்டி நடந்திருக்கிறது. ஆகவே இல்லை என்றால் பின்வாசல் வழியாக யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பதற்கு முன்னால் நாம் பெயர் சொல்லக் கூடாது.
சீட்டில் இருக்கும் தேதிக்கு 9 நாள் ஆகிவிட்டது மாமா. அது மட்டும் இப்போதே நிச்சயம்.

நான், 8:04
பின்வாசல் வழியாக ஏன் கொடுக்க வேண்டும் அக்கா?

கோவை செல்வி, 8:09
எடுத்துப் போகும் நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் சிவப்புப் பை பிளாஸ்டிக்குக்குக் காயலான் கடையில் விலை கிடைக்கும். விலை போவதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ராத்திரியில் எங்காவது தள்ளிவிடுகிறார்கள். மாமா படத்தைப் பாருங்க, மஞ்சள் பை நிறைய, சிவப்பு இரண்டே இரண்டு. எந்த ஆஸ்பத்திரியிலும் இந்தக் கணக்கு வராது.

சேனை அத்தை, 8:12
இங்கே ஆக்ரிக் கடை என்போம். அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

டிரைவர் முருகேஷ், 9:20
இப்போதுதான் பார்த்தேன். மாமா, நான் கஞ்சிக்கோட்டில் இருந்து ஆலைக் கழிவு ஏற்றிய காலத்தில் எனக்கும் இதே மாதிரி ஒரு காகிதக் கணக்கு இருந்தது. படிவம் 10 என்பார்கள். ஒரே கட்டு, 7 தாள், ஏழும் ஏழு நிறம். வெள்ளை அனுப்புகிறவர் வழியாக அவர் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மஞ்சள் அனுப்புகிறவரிடமே இருக்கும். மற்ற ஐந்தும் என் கையில், வண்டியோடு வரும். போய்ச் சேர்ந்ததும் இறக்குகிறவர் இளஞ்சிவப்பை வைத்துக்கொண்டு ஆரஞ்சை எனக்குத் தருவார். பச்சையை அவர் தன் மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும், நீலம் திரும்பவும் அனுப்பியவருக்கு.
ஏழாவது சாம்பல் நிறம். சரக்கு மாநில எல்லையைத் தாண்டி வந்திருந்தால் மட்டும், இறக்குகிறவர் அதை அனுப்பியவரின் மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பாலக்காட்டில் ஏற்றிய சரக்கு தமிழ்நாட்டில் ஒழுங்காக இறங்கியது என்று கேரளாவுக்குச் சொல்கிற தாள் அது ஒன்றுதான்.
என் ஆரஞ்சுத் தாள்களை இன்றும் வீட்டில் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் சாம்பல் தாள் போனதா என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா, 9:31
நல்ல விஷயம் சொன்னாய் முருகேஷ். எழுதுகிற கைக்குக் குறையில்லை, திருப்பிக் கேட்கிற வாய்தான் இல்லை.
நம் பக்கத்துப் பிளாச்சிமடையில் என்ன நடந்தது? 2000-ல் குளிர்பான ஆலை வந்தது. கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லித் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டு எந்த விவசாயி கைக்கும் வரவில்லை. 2003-ல் பிபிசி வானொலிக்காரர்கள் எடுத்துப் போய் இங்கிலாந்தில் சோதித்தபோதுதான் காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் வாசலில் உட்கார்ந்த பிறகு, 2004-ல் ஆலை நின்றது. 2010-ல் அரசுக் குழு 216 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்குப் போட்டது. கணக்குப் போட்டதோடு சரி.

டெக்சாஸ் கார்த்தி, 9:50
இங்கே ராத்திரி ஆகிவிட்டது, இருந்தாலும் எழுதாமல் தூக்கம் வராது. நான் பிறந்த இடம் என்று அம்மா சொன்னதும் மனசு கஷ்டமாகிவிட்டது.
எங்கள் ஆலையில் ஒவ்வொரு வருஷமும் ஜூலை 1-க்குள் எந்த ரசாயனத்தை எவ்வளவு காற்றில், தண்ணீரில், மண்ணில் விட்டோம் என்று அரசுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தன் ஊர் பின்கோடு போட்டுப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் எங்கள் ஆலைக் கணக்கை அச்செடுத்துக்கொண்டு வந்து என்னைக் கேள்வி கேட்டார். 2018-ல் இருந்து லாரிச் சீட்டையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள்.
இந்தச் சட்டம் 1986-ல் வந்தது. எதனால் தெரியுமா? 1984-ல் போபாலில் நம் ஜனங்கள் செத்ததைப் பார்த்துத்தான். செத்தது நம் ஊரில், பாடம் படித்தது இவர்கள். எங்கள் அலுவலகப் பயிற்சியில் முதல் பக்கமே போபால்தான் மாமா. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கோவை செல்வி, 10:02
இங்கேயும் அப்படிக் கேட்க வழி இருக்கிறது கார்த்தி. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் வருஷா வருஷம் ஜூன் 30-க்குள் படிவம் 4-ல் கணக்கு அனுப்ப வேண்டும், அதைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நான் ராத்திரி கண் விழித்து அதைத் தயார் செய்கிறேன். ஒருவராவது படித்துவிட்டு, ஏன் இந்த மாதம் எடை குறைந்தது என்று கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவேன்.

சேனை அத்தை, 10:15
எங்கள் வேலையும் அப்படித்தான் செல்வி. இங்கே வீட்டுக்கு வீடு சுவரில் கியூஆர் ஒட்டியிருக்கிறது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் பெண்கள் குழுவான எங்கள் ஹரித கர்ம சேனைக்காரி போய் ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கை வாங்கி, 50 ரூபாய் வசூலித்தால்தான் அந்த வீட்டுக் கணக்கு அந்த மாதத்துக்கு முடியும். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்று வாசல் வாசலாகக் கெஞ்சுகிறேன். அதைப் பஞ்சாயத்துக் கிடங்கில் தரம் பிரிக்கும்போது ஒரு நாப்கினோ ஊசியோ கைக்கு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த 11 பையையும் பார்க்கும்போது, பிரிக்கிற பொம்பளைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.
எங்கள் பக்கம் குப்பை கொட்டுகிறவனைப் படம் எடுத்து அனுப்ப அரசே ஒரு வாட்ஸ்அப் எண் வைத்திருக்கிறது. அபராதத்தில் நாலில் ஒரு பங்கு, 2,500 ரூபாய் வரைக்கும் சொன்னவருக்குக் கொடுப்பார்கள். தோப்பு அந்தப் பக்கம் என்பதால் இதற்கு உதவாது.

கோவை செல்வி, 10:20
மாமா, இப்போது செய்ய வேண்டியது. வி.ஏ.ஓ.வுக்கும் ஊராட்சிச் செயலருக்கும் போன் போடுங்க. மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு நான் மின்னஞ்சல் எழுதித் தருகிறேன், உங்கள் பெயரில் அனுப்பலாம். சர்வே எண், நேரம், 11 பை, சீட்டுப் படம். ஞாயிறு என்பதால் நாளைக்குத்தான் வருவார்கள். அதுவரை மேலே தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் முள் வெட்டிப் போடுங்க. நாய் போகக் கூடாது, மழை படக் கூடாது.

சின்ன மாமா, 10:24
சரி கண்ணு. வைக்கோல் மூடும் தார்ப்பாய் இருக்கிறது.

சின்ன மாமா, இரவு 9:40
தூறல் விழுகிறது. வாய்க்கால் பக்கம் மண் அணைத்துவிட்டேன். இன்றைக்கு மோட்டார் அறையிலேயே படுக்கிறேன்.

ராணி சித்தி, 9:43
போர்வை இருக்கிறதா அண்ணா?

திங்கட்கிழமை

சின்ன மாமா, காலை 11:16
வந்துவிட்டார்கள். வாரியத்தில் இருந்து இரண்டு பேர், வி.ஏ.ஓ., ஒரு போலீஸ்காரர். மூடி போட்ட வண்டியும் வந்திருக்கிறது. ஒவ்வொரு பையாகத் தொங்கு தராசில் மாட்டி எடை போடுகிறார்கள்.

சின்ன மாமா, 11:48
மொத்தம் 38 கிலோ. நான் தேங்காய்க் கணக்கு நோட்டிலும் எழுதிக்கொண்டேன். சீட்டு இருந்த பையைத் தனியாகக் கட்டி முத்திரை வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை இன்றைக்கே பார்ப்பார்களாம். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

டிரைவர் முருகேஷ், 11:49
உங்களுக்கு நகல் கொடுத்தார்களா மாமா?

சின்ன மாமா, 11:50
இல்லையே.

கோவை செல்வி, 11:50
வண்டி கிளம்புவதற்குள் கேட்டு வாங்குங்க மாமா. எடை, பை எண்ணிக்கை, எங்கே கொண்டு போகிறார்கள், மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

சின்ன மாமா, 11:53
வண்டி முன்னால் போய் நின்றுவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறார்.