மறு: 'வாயு அடைப்பு' சரியா? கல்லீரல் நுண்துளை அறுவைக்கு ஒரு சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

நுண்துளை வழியாகக் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரத்தப்போக்கு, பித்தக்கசிவு, தொற்று எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. 'கேஸ் எம்போலிசம்', அதாவது அறுவையின்போது வாயு ரத்தக்குழாய்க்குள் புகுந்து ஓட்டத்தை அடைப்பது, அந்த வரியில் மூன்று நாளாக நிற்கிறேன். பழைய படிவத்தில் 'வாயு அடைப்பு' என்று இருந்தது. அதைப் படித்த ஒரு பெரியவர், "இது எனக்குப் பத்து வருஷமா இருக்கு தம்பி, சீரகத் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, என்ன ஆபத்து என்றே தெரியாமல் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்ன சொல்லலாம்?

———

தம்பிக்கு,

'நுண்துளை' என்று எழுதியது நன்று. சிலர் 'சாவித்துளை' என்கிறார்கள். பூட்டு எங்கே என்று கேட்கத் தோன்றும்.

எம்போலிசத்துக்கு வருவோம். கிரேக்கத்தில் 'எம்பாலைன்' என்றால் உள்ளே எறிதல், இடையே புகுத்துதல். 'எம்போலோஸ்' என்றால் ஆப்பு, முளை. மருத்துவத்துக்கு வருமுன் இந்தச் சொல் பஞ்சாங்கத்தில் இருந்தது: ஆண்டுக் கணக்கைச் சரிசெய்ய நாளையோ மாதத்தையோ இடையில் நுழைப்பதற்கு எம்போலிசம் என்று பெயர். யூத நாட்காட்டியில் 19 ஆண்டுகளுக்கு 7 முறை அப்படி ஒரு மாதம் கூடுகிறது. நம் அதிக மாதம் நினைவுக்கு வருகிறதல்லவா? 1840களில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ, காலில் உறைந்த ரத்தம் பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது என்று காட்டியபோது இந்த வேரிலிருந்துதான் பெயரை எடுத்தார்.

நம்மிடம் 'இடைச்செருகல்' இருக்கிறது. அந்த வழியில் 'செருகல்' என்று வைத்தால் 'வளிச்செருகல்' கிடைக்கும். யோசித்துப் பாருங்கள்.

———

> அந்த வழியில் 'செருகல்' என்று வைத்தால்

ஐயா, பஞ்சாங்கக் கதை எனக்குப் புதிது, ரசித்தேன். ஆனால் 'செருகல்' வார்டில் எடுபடாது. "கண்ணு செருகிடுச்சு டாக்டர்" என்று உறவினர் யாராவது கத்தினால் நாங்கள் எல்லாரும் கட்டிலை நோக்கி ஓடுவோம். தவிர, செருகுவதற்கு ஒரு கை வேண்டும். இங்கே யாரும் செருகுவதில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவள் நான். உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நுண்துளை அறுவையில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, வயிற்றுச் சுவரைக் கூடாரம்போலத் தூக்கி நிறுத்திக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அழுத்தம் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்கும். கல்லீரலை வெட்டும்போது அதன் சிரைகளிலிருந்து ரத்தம் கொட்டக்கூடாது என்பதற்காக, நாங்கள் டிரிப்ஸைக் குறைத்து, மையச் சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைகளுக்குள் இருக்கும் அழுத்தத்தை, 5-க்குக் கீழே வைத்திருப்போம். வெளியே 12, உள்ளே 5. இந்த நேரத்தில் ஒரு கல்லீரல் சிரை கிழிந்தால்? வேறு இடத்துச் சிரை என்றால் அமுங்கி வாயை மூடிக்கொள்ளும். கல்லீரல் சிரையைச் சுற்றியுள்ள திசு அதை இழுத்துப் பிடித்திருப்பதால் வாய் பிளந்தே இருக்கும். ரத்தம் வெளியே வருவதற்குப் பதில் வாயு உள்ளே போகும். அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல். ரத்தப்போக்கைக் குறைக்க நாங்கள் செய்கிற காரியமே இதற்கு வழிவிட்டுவிடுகிறது.

கிணற்று மோட்டார் ஓடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். உறிஞ்சுகிற பக்கத்துக் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் சொட்டாது, காற்றுதான் உள்ளே ஏறும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் வராது. "ஏர் பிடிச்சிருச்சு" என்பார் அப்பா. நிறைய வாயு புகுந்த இதயமும் அப்படித்தான். துடிக்கும், ஆனால் ரத்தத்தைத் தள்ளாமல் நுரையைப் பிசைந்துகொண்டிருக்கும். ரத்த அழுத்தம் சரியும். நோயாளி வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவும் திரையில் சட்டென்று விழும். உடனே வாயுவை நிறுத்தி வெளியேற்றிவிட்டு, முழு ஆக்சிஜன் கொடுத்து, தலையைத் தாழ்த்தி, இடப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்ப்போம். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வாசலை வாயு அடைக்காமல் ஒதுங்கட்டும் என்றுதான்.

சரி, சொல். 'அடைப்பு' மட்டும் போதாது. "மூணு அடைப்பு இருக்காம்" என்று ஊரில் பேசுவது இதயக் குழாயில் கொழுப்பு படிவதை. அது இருந்த இடத்திலேயே வளர்வது. எம்போலிசம் வேறிடத்திலிருந்து வந்து அடைப்பது. அந்த வருகை பெயரில் தெரிய வேண்டும். அதனால் என் ஓட்டு 'தக்கையடைப்பு'க்கு. தக்கை புட்டியில் அசையாமல் இருப்பதாயிற்றே என்று முன்பு எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் தூண்டிலில் கட்டுவதும் தக்கைதான். மிதந்து போகிறது, போன இடத்தில் அடைக்கிறது. அப்படி வந்து அடைக்கும் பொருளான எம்போலஸுக்குத் 'தக்கை' என்று வைத்தால், கொழுப்புத்தக்கை, பனிக்குடநீர்த்தக்கை என்று குடும்பமாகவும் வளரும். கல்லீரல் கட்டிக்குப் போகும் தமனியை நாமே வேண்டுமென்று அடைக்கிற சிகிச்சை இருக்கிறதே, எம்போலைசேஷன், அது 'தக்கையிடல்'. செருகலுக்கு வேண்டும் என்று நான் சொன்ன கை அங்கே வந்துவிடுகிறது.

கேஸும் ஏரும் ஒன்றல்ல என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் வேகமாகக் கரையும். உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்தால் இந்த அறுவையில் சின்னக் குமிழிகள் அடிக்கடி தெரியும். பெரும்பாலும் தொல்லை தராமல் கரைந்துவிடும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன், அது லேசில் கரையாது. வெட்டிய பரப்பில் ரத்தத்தை நிறுத்தப் பயன்படும் கருவியிலிருந்து வரும் ஆர்கான் என்ற வாயுவும் அப்படியே. அது ரத்தத்தில் புகுந்து உயிர் போனதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் படிப்பவர் குழம்புவார்.

———

அம்மா, கண் செருகுவதை நான் யோசிக்கவில்லை. செருகலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

'வளி'யையும் விட்டுவிடலாம். "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று குறள் சொல்லும் வளி வாதம். இன்றைய 'வளிமண்டல'த்தில் அது காற்று. கேஸ் என்ற பொருள் அதில் தனியாக நிற்காது. 'வாயு' என்றால் தம்பியின் பெரியவர் சீரகத்தைத் தேடுவார். ஆகவே கேஸுக்கு வளிமம், ஏருக்குக் காற்று. வளிமம், தக்கை சேர்ந்தால் மகரம் கெட்டு வல்லினம் மிகும்: வளிமத்தக்கை, வளிமத்தக்கையடைப்பு. மற்றது காற்றுத்தக்கையடைப்பு. நீளம்தான், பாடநூல் தாங்கும்.

படிவம் தாங்குமா என்பதுதான் கேள்வி. 'வளிமத்தக்கையடைப்பு' என்று எழுதி நீட்டினால் அந்தப் பெரியவருக்குச் சீரகத் தண்ணீர் தோன்றாது. வேறெதுவும் தோன்றாது.

———

இருவருக்கும் நன்றி. படிவத்தில் விளக்கத்தை முன்னால் வைத்து, பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறேன்:

"வயிற்றை விரிப்பதற்காக நிரப்பும் வாயு, கிழிந்த ரத்தக்குழாய் வழியாகக் குமிழிகளாக ரத்தத்தில் புகுந்து, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் ரத்த ஓட்டத்தை அடைக்கலாம். இப்படிக் கடுமையாக நடப்பது அரிது. நடந்தால் உயிருக்கு ஆபத்து. இதை மருத்துவர்கள் வளிமத்தக்கையடைப்பு என்பார்கள்."

'வாயு'வை முழுசாக விரட்ட முடியவில்லை. பக்கத்தில் குமிழி இருப்பதால் வயிற்று உப்புசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அக்கா சொன்ன மோட்டாரைப் படிவத்தில் போட முடியாது. வாயால் விளக்கும்போது சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வரி, பாதியில் வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் சொல்லும் 'கன்வெர்ஷன்'. பழைய படிவத்தில் 'மதமாற்றம்' என்று இருக்கிறது. நாளை அதோடு வருகிறேன்.