வியாழக்கிழமை பிரசன்டேஷன், இப்போதே கை நடுங்குகிறது. என்ன செய்வது?

புதுவரவு:
வணக்கம். இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. வருகிற வியாழன் ஆபீஸில் பிரசன்டேஷன், நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் ஒரு மீட்டிங்கில் பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லோர் முன்னாலும் ஒருவர் "நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டார். அப்புறம் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்கிரீனில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். ஊரில் நான் இப்படி இல்லை, பேச்சுப் போட்டிகளில் பரிசெல்லாம் வாங்கியவன். ஆக்சென்ட் கிளாஸில் சேரலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், தூக்கமே இல்லை.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, பயப்படாதையும். நான் 1989இல் ரொறன்ரோவில் வந்து இறங்கினது ஜனவரியில், காலில் சாதாரணச் செருப்பு. உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி என்ன கேட்டாலும் "யெஸ்" என்பேன். ஒருநாள் "தட்டை உடைத்தது நீயா?" என்று கேட்டதற்கும் யெஸ் சொல்லி, மூன்று தட்டின் காசு சம்பளத்தில் போனது. உடைத்தது வேறு ஆள். ஆங்கிலம் தன்பாட்டில் வரும். இங்கே கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு அரசாங்கம் 'லிங்க்' என்ற மொழி வகுப்பை இலவசமாக நடத்துகிறது, போய்ப் பாரும்.

மியூனிக் மாம்பலத்தான்:
டோஸ்ட்மாஸ்டர்ஸ், மேடையில் பேசிப் பழகும் கிளப். வேறு பேச்சே வேண்டாம். 1924இல் கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது, இன்று ஏகப்பட்ட ஊர்களில் கிளப் இருக்கிறது. முதல் பேச்சு உங்களைப் பற்றியே, 4 முதல் 6 நிமிடம். 'டேபிள் டாபிக்ஸ்' என்று ஒன்று உண்டு, தலைப்பை அந்த இடத்திலேயே கொடுப்பார்கள், ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். நீங்கள் எத்தனை "ஆ... ம்ம்" போட்டீர்கள் என்று எண்ணுவதற்கே ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். எனக்கு முதல் நாள் 27. ஒரு வருடம் போனால் ஆளே மாறிவிடுவீர்கள்.

கோவை அக்கா:
அவருக்கு வியாழக்கிழமை பிரசன்டேஷன். நீங்கள் ஒரு வருடக் கணக்கு சொல்கிறீர்கள்!
தம்பி, ஆக்சென்ட் கிளாஸ் காசுக்குக் கேடு. சிக்கல் வார்த்தையில் அழுத்தம் விழும் இடத்தில். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். 'டெவலப்' என்பதில் நாம் முதல் அசையை அழுத்திச் சொல்வோம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் இரண்டாவதை. 'ஹோட்டல்' அதே கதை. உங்கள் ஸ்லைடில் திரும்பத் திரும்ப வரும் பத்து வார்த்தையை மட்டும் ஆன்லைன் அகராதியில் ஒலியோடு கேட்டுச் சரிசெய்யுங்கள், போதும்.

மியூனிக் மாம்பலத்தான்:
இதைத்தானே ஆக்சென்ட் கிளாஸில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பேரை மாற்றினால் ஆச்சா?

கோவை அக்கா:
ஆச்சு. உங்களிடம் பணம் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

மதுரை வாத்தியார் மகன்:
என்னைக் கேட்டால் பரிசு வாங்கியதுதான் இவர் பிரச்சினை. நானும் அந்தக் கேஸ்தான். பேச்சுப் போட்டியில் மேடைக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம், அப்புறம் ஒரு மேற்கோள், ஒரு கதை, கடைசியில்தான் விஷயம். கைதட்டலும் அங்கேதான். ஆபீஸில் விஷயம் முதல் வாக்கியத்திலேயே வராவிட்டால் மூன்றாவதில் லேப்டாப்பைத் திறந்துவிடுவார்கள்.

மியூனிக் மாம்பலத்தான்:
திறந்தால் பரவாயில்லையே. என் டீமில் கால்பந்து ஜோக் சொல்லிச் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் அரை நொடி தாமதமாகச் சிரித்து ஆறு வருடம் ஓட்டிவிட்டேன்.

ஸ்காபரோ அண்ணை:
இங்கே ஹொக்கி. அதுகூடப் பரவாயில்லை, வாடகை தெரியுமோ இப்ப?

கோவை அக்கா:
வாடகையை விடுங்கள். நாலரைக்கே இருட்டுகிறது, மனுஷனுக்குப் பேசத் தெம்பு எங்கிருந்து வரும்?

தூத்துக்குடி மாலுமி:
ஐயா, அக்கா, அண்ணை, கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி எந்த நாடு என்று யாராவது கேட்டீர்களா? எத்தனை நிமிடம்? எத்தனை பேர்? நேரிலா, ஆன்லைனா? கேட்டுவிட்டு அவர்கள் என்ன முடிவு எடுக்க வேண்டும்?

புதுவரவு:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். நெதர்லாந்து, ஐந்தோவன். நேரில்தான். 9 பேர்: நாலு டச்சுக்காரர்கள், மீதி ஸ்பெயின், துருக்கி, சீனா. 10 நிமிடம், கேள்விகளையும் சேர்த்து. டெஸ்டிங்கை ஆட்டோமேட் செய்ய அனுமதி கேட்கிறேன். 24 ஸ்லைடு தயார்.

தூத்துக்குடி மாலுமி:
நான் ரோட்டர்டாமில் பதினோரு வருடம். முதலில் ஒன்று: டச்சுக்காரர் "புரியவில்லை" என்றால் அதற்குப் புரியவில்லை என்பது மட்டுமே அர்த்தம். மேனேஜரிடமும் அப்படியே சொல்வார்கள். அவமானம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது அவருக்கு நினைவில்கூட இருக்காது. மறுபடி சொன்னால் "எந்த இடம்?" என்று கேளுங்கள், போர்டில் இரண்டு கட்டம் வரைந்து காட்டுங்கள்.

இரண்டாவது, அந்த அறையில் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அப்புறம் ஆக்சென்ட் எதற்கு? சின்ன வாக்கியம் போதும். பழைய கம்பெனியில் புழங்கிய சுருக்கப் பெயர்களைத் தூக்கிவிடுங்கள், அவைதான் புரியாமல் போயிருக்கும்.

24 ஸ்லைடு என்றால் ஒன்றுக்கு 25 நொடி. வாசிக்காமல் வேறு என்ன செய்வீர்கள்? ஆறாக்குங்கள். பேச்சு 6 நிமிடம், மீதி அவர்களுக்கு. 750 சொல்லுக்கு மேல் போக வேண்டாம். எவ்வளவு நேரம் மிச்சமாகும், உங்களுக்கு என்ன வேண்டும், இரண்டும் முதல் வாக்கியத்தில் வரட்டும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி ஒன்றும் மனப்பாடம், நடுவில் தலைப்பு மட்டும். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் போகும்.

கை நடுங்கினால் தாளைப் பிடிக்காதீர்கள், தாள்தான் காட்டிக்கொடுக்கும். மார்க்கரைப் பிடியுங்கள். அக்கா சொன்ன பத்து வார்த்தையைச் செய்யுங்கள், அது சரியான யோசனை. செவ்வாய்க்கிழமை அதே அறையை அரை மணி நேரம் புக் செய்து, யாராவது ஒருவரை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள்.

மியூனிக் மாம்பலத்தான்:
வியாழனுக்கு அப்புறம் டோஸ்ட்மாஸ்டர்ஸ்.

புதுவரவு:
எல்லோருக்கும் நன்றி. ஒத்திகைக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து, கடைசியில் போன வாரம் "புரியவில்லை" என்றவரிடமே கேட்டுவிட்டேன். "சரி, செவ்வாய் நாலு மணி, ஆனால் நாலரைக்குக் கிளம்பிவிடுவேன்" என்றார். ஸ்லைடு ஏழு ஆகிவிட்டது. ஏழாவதை வெட்டத்தான் மனம் வரவில்லை.

ஸ்காபரோ அண்ணை:
வெட்டும் தம்பி.