பில்லில் சேரும் கூடுதல் தொகைகளை எந்தச் சொல்லால் எழுதுவது?

வரைவாளர் (கேள்வி)

பணம் செலுத்தும் செயலி ஒன்றுக்குத் தமிழ் வாசகங்கள் தயாராகின்றன. சர்சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், கன்வீனியன்ஸ் ஃபீ, பிராசஸிங் ஃபீ, லேட் ஃபீ எல்லாவற்றுக்கும் இப்போதைய வரைவில் 'கூடுதல் கட்டணம்' என்றே இருக்கிறது. அதே செயலியின் புகார்ப் படிவத்திலும் 'கூடுதல் கட்டணம் வசூலித்தனர்' என்று ஒரு தேர்வு. முறையாக வாங்குவதும் முறைகேடாக வாங்குவதும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. இவற்றை எப்படிப் பிரிப்பது? 'தீட்டிட்டான்', 'மொட்டை அடிச்சிட்டான்' போன்ற பேச்சுச் சொற்களுக்குப் படிவத்தில் இடம் உண்டா?

பேரேடு

பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அரசுக்குப் போவது மட்டுமே வரி. சேவை தருபவர் வைத்துக்கொள்வது கட்டணம். உடலுழைப்புக்குத் தருவது கூலி (ஏற்றுகூலி, இறக்குகூலி). இடையில் நின்று முடித்துக் கொடுப்பவர் பெறுவது தரகு அல்லது கமிஷன். விதியை மீறியதற்குக் கட்டுவது அபராதம்.

சர்வீஸ் சார்ஜை 'சேவை வரி' என்று எழுதுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. பெரிய தவறும் அதுவே. வரி என்று படித்ததும் 'இதை மறுக்க முடியாது' என்று வாடிக்கையாளர் கட்டிவிடுவார். இந்தியாவில் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டிக்குள் அடங்கிவிட்டது. மலேசியாவிலோ சேவை வரி என்பது இன்றும் அரசு வசூலிக்கும் உண்மையான வரி. ஒரே செயலி இரு நாட்டிலும் ஓடினால் இந்தச் சொல் இரண்டு பொருள் தரும். 'சேவைக் கட்டணம்' என்றே எழுதுங்கள்.

பெயரை மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆகவே 'பணியாளர் நலப் பங்களிப்பு' என்று அழகாக எழுதித் தரும்படி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

மற்றவை: கன்வீனியன்ஸ் ஃபீக்கு 'வசதிக் கட்டணம்' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் என்ன வசதி என்று அது சொல்லவில்லை. 'இணையவழிப் பதிவுக் கட்டணம்' என்றால் எதற்கு என்பது விளங்கும். பிராசஸிங் ஃபீ கடன் விண்ணப்பத்தில் வந்தால் 'பரிசீலனைக் கட்டணம்'. மற்ற இடங்களில் 'செயலாக்கக் கட்டணம்'. திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டைக் கட்டணம் என்று எழுதவே கூடாது. அது 'காப்புத்தொகை', பக்கத்திலேயே 'திருப்பித் தரப்படும்' என்று இருக்க வேண்டும்.

தவணை தவறியதற்கு வாங்குவதில் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கைப்படி, வங்கிகள் அதை 'அபராதக் கட்டணம்' என்று தனியாகக் காட்டலாம்; வட்டி விகிதத்தோடு சேர்த்து 'அபராத வட்டி'யாக வாங்கக் கூடாது. கட்டணத்துக்கு மேல் மீண்டும் வட்டியும் ஏறக் கூடாது. உங்கள் வரைவில் 'அபராத வட்டி' எங்காவது இருந்தால் திருத்திவிடுங்கள்.

மெய்ப்புத்தாள்

'கூடுதல்' என்ற சொல் இரு பக்கமும் சாய்வதற்குச் செய்தித்தாள் வழக்கே காரணம். 'பண்டிகை நேரத்தில் பேருந்துகளில் கூடுதல் கட்டணம்' என்ற தலைப்பைப் படிக்கும் எவரும் அதை முறைகேடு என்றே எடுத்துக்கொள்வார்கள். 'கூடுதல் லக்கேஜுக்குக் கூடுதல் கட்டணம்' என்றால் குறை சொல்லவில்லை. ஆகவே ரசீதில் 'கூடுதல் கட்டணம்' என்று மொட்டையாக விடாதீர்கள்: 'இரவு நேரக் கூடுதல் கட்டணம்', 'எரிபொருள் கூடுதல் கட்டணம்' என்று காரணம் முன்னால் வரட்டும். காரணம் சொல்ல முடியாத தொகை என்றால், சிக்கல் சொல்லில் இல்லை, தொகையில்தான்.

புகார்ப் பக்கத்துக்கு 'மிகை வசூல்' பொருந்தும். 'மிகை' என்றாலே அளவு மீறியது என்ற தீர்ப்பு உள்ளே இருக்கிறது. பட்டினப்பாலை, புகார் நகரத்து (காவிரிப்பூம்பட்டினத்து) வணிகர்களைப் பற்றி 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' என்று பாடுவதும் இதே பொருளில்தான். அதே காரணத்தால் ரசீதில் 'மிகைக் கட்டணம்' வந்துவிடக் கூடாது. நிறுவனமே தன் மேல் குற்றம் சாட்டிக்கொள்வதுபோல் ஆகும்.

ஒற்றும் கவனியுங்கள்: சேவைக் கட்டணம், தாமதக் கட்டணம், ரத்துக் கட்டணம் மூன்றிலும் க் வரும், 'கூடுதல் கட்டணம்' என்பதில் வராது.

இன்னொன்று: 'வரி சேர்த்து' என்று தனியே நின்றால், சேர்த்தாயிற்றா, இனிமேல் சேர்ப்பார்களா என்று தெரியாது. 'வரி உட்பட' அல்லது 'வரி தனி' என்று எழுதினால் சந்தேகமே இல்லை.

உரைகல்

நகை பில்லும் அந்தச் செயலியில் வருமானால் செய்கூலி, சேதாரம் இரண்டையும் ஒரே வரியில் 'கூடுதல்' என்று சேர்த்துவிடாதீர்கள். செய்கூலி வேலைக்கான பணம். சேதாரம் எடையின் மேல் போடும் சதவீதம். 'செய்கூலி இல்லை' என்று விளம்பரம் செய்துவிட்டுச் சேதாரத்தை ஏற்றிவிடுவது எளிது. இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் அது தெரியும்.

அதைவிட முக்கியம், 'எடை' என்று ஒரே கட்டம் வைப்பது. 'மொத்த எடை', 'கல் எடை', 'நிகர எடை' என மூன்று வேண்டும். மொத்த எடை 12 கிராம், அதில் கல் 2 கிராம், சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகர எடையான 10 கிராமுக்குக் கணக்கிட்டால் 11.2 கிராம் தங்கத்தின் விலை. மொத்த எடைக்குப் போட்டால் 13.44 கிராம். 2.24 கிராம் தங்கத்தின் விலை சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. அதன் பிறகு கல்லுக்கும் தனியாகப் பணம் வாங்கினால் அது 'இரட்டை வசூல்'. புகார்ப் படிவத்தில் இந்தச் சொல்லையும் ஒரு தேர்வாக வையுங்கள்.

வரைவாளர்

மிக்க நன்றி. ரசீதுப் பக்கம் தெளிவாகிவிட்டது. புகார்ப் படிவத்தில் 'மிகை வசூல்' ஒன்று போதுமா, உள்பிரிவுகள் வேண்டுமா?

படிவம்_6

பிரிக்கத்தான் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் 'அதிகபட்ச சில்லறை விலையை மீறிய வசூல்'. பொட்டலத்தின் படமும் ரசீதும் வேண்டும். கேட்காத பொருளையோ காப்பீட்டையோ கணக்கில் சேர்த்திருந்தால் 'கேட்காமல் சேர்த்தது'. முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும் திரையில் மற்றதை ஏற்றினால் 'கடைசியில் ஏற்றிய விலை'; இரு திரைகளின் படமும் தேவை. இந்த இரண்டும் இந்தியாவில் 2023 நவம்பரில் வெளியான, வாடிக்கையாளரை ஏய்க்கும் இணைய உத்திகளுக்கு எதிரான வழிகாட்டுதலில் தனித்தனியாகக் குறிக்கப்பட்டவை. எடையில் குறைத்தால் அது மிகை வசூல் இல்லை, 'அளவு குறைவு'.

பேச்சுச் சொற்களைத் தேர்வுகளில் வைக்க வேண்டாம். தேடல் பெட்டி அவற்றைப் புரிந்துகொண்டால் போதும். 'தீட்டிட்டான்', 'கறந்துட்டான்', 'மொட்டை', 'பகல் கொள்ளை', 'யானை விலை' என்று எதைத் தட்டினாலும் மிகை வசூல் பக்கம் திறக்கட்டும். 'தலையில கட்டிட்டான்' மட்டும் வேறு. அது பெரும்பாலும் மட்டமான பொருளை விற்றதைச் சொல்வது, பொருளின் தரம் பற்றிய புகாருக்குப் போக வேண்டும். 'பணம் பறித்தனர்' என்ற சொல்லைத் தவிருங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது தனிக் குற்றம். விலை கூடுதலாக இருந்ததற்கு அதை எழுதினால் புகாரே வலுவிழக்கும்.

விவரப் பெட்டியில் இந்த மாதிரி வாக்கியம் முன்கூட்டியே இருக்கட்டும்: '___ தேதியிட்ட, ___ எண்ணுள்ள ரசீதில், ___ என்ற பெயரில் ___ வசூலிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட தொகை ___. வித்தியாசமான ___ தொகையைத் திருப்பித் தரக் கோருகிறேன்.' 'எந்தப் பெயரில்' என்ற கட்டத்தை வாடிக்கையாளர் தன் சொல்லில் நிரப்பக் கூடாது, ரசீதில் அச்சானதை எழுத்து மாறாமல் எடுத்து எழுத வேண்டும். அந்தக் குறிப்பைக் கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் போடுங்கள்.