கருப்புப் போர்ஃபிரி ஜாடி: ரோமர் காலமா, பிரமிடுக்கும் முந்தியதா?

கடைசல்காரன்:
ஏலப் பட்டியல் ஒன்றில் எகிப்தியக் கல் ஜாடி ஒன்று. கருப்புப் போர்ஃபிரி (படிகப் புள்ளிகள் பதிந்த கடினமான எரிமலைப் பாறை), வெள்ளைப் புள்ளிகள். 'அரச வம்சங்களுக்கு முந்தைய காலம்', அதாவது எகிப்தில் முதல் பாரோக்கள் வருவதற்கும் முன்பு, என்று போட்டிருக்கிறார்கள். எங்கே தோண்டியது என்று ஒரு வரிகூட இல்லை. உள்ளேயும் வெளியேயும் சீரான வட்டக் கோடுகள். எனக்கு இது ரோமர் ஆட்சிக்கால எகிப்தின் கடைசல் வேலையாகத்தான் (கல்லையே சுழலவிட்டுச் செதுக்கியது) படுகிறது.

மணல்மேடு:
வட்டக் கோடு மட்டும் போதாதுங்க. எகிப்தின் சக்காராவில் ஜோசர் என்ற பழைய அரசரின் பிரமிடுக்கு அடியில் சுமார் 40,000 கல் பாத்திரங்கள் கிடைத்தன. பலவற்றில் அவருக்கும் முந்தைய அரசர்களின் பெயர். அதையெல்லாம் எந்த ரோமர் வந்து கடைந்தார்? கவைக்கோலில் (நுனி இரண்டாகப் பிரிந்த கோல்) பிறை வடிவச் சக்கிமுக்கிக் கல்லை மாட்டி, மேலே பாரம் கட்டித் திருகினாலே வட்டக் கோடு விழும்.

கடைசல்காரன்:
உள்ளே விழும், சரி. வெளிப்புறம்? பழைய ஜாடிகளில் வெளியே கையால் தேய்த்த சாய்கோடுகள்தான் இருக்கும். எகிப்தியத் தொல்லியலாளர் பெட்ரியே அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இதில் வெளியேயும் வட்டம்தான்.

ஊர்சுற்றி:
இவ்வளவு கச்சிதம் செம்புக் கருவியால் வரவே வராது. தொலைந்துபோன ஏதோ தொழில்நுட்பம்!

மணல்மேடு:
அண்ணே, செம்பா வெட்டுகிறது? மணல்தான் அறுக்கிறது. பழங்காலக் கருவிகளைச் செய்து சோதித்த ஆய்வாளர் டெனிஸ் ஸ்டாக்ஸ் செம்புக் குழாயையும் மணலையும் வைத்துக் கருங்கல்லைத் துளைத்தே காட்டிவிட்டார். அதை விடுங்கள். கடைசல்காரரே, ரோமர் தேடிப் போனது ஊதாப் போர்ஃபிரியை. கருப்பு அதற்கு வெகுகாலம் முன்பே எகிப்தியருக்குப் பிடித்த கல்.

கடைசல்காரன்:
எகிப்தின் கீழைப் பாலைவனத்தில், ரோமர் போர்ஃபிரி வெட்டிய மோன்ஸ் போர்ஃபிரிட்டீஸ் சுரங்கத்தில் கிடைத்த கல்வெட்டைப் பாருங்கள். கி.பி. 18இல், ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில், காயுஸ் கோமினியுஸ் லெயூகாஸ் வைத்தது. தான் கண்டுபிடித்த கற்களில் கருப்புப் போர்ஃபிரியையும் சேர்த்தே சொல்கிறார். நிறத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

மணல்மேடு:
அப்படியென்றால் அது உங்களுக்கும்தானே பொருந்தும்? பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிற, சூஜே என்ற பிரெஞ்சு மடாதிபதியின் கழுகு ஜாடி ஊதாப் போர்ஃபிரி. 12ஆம் நூற்றாண்டில் அதற்கு முலாம் பூசிய வெள்ளியில் தலையும் சிறகும் பொருத்தினார்கள். கல் ஜாடியை மட்டும் அருங்காட்சியகத்தார் எகிப்தா, ரோமப் பேரரசா என்று திட்டவட்டமாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் நாலு படத்தைப் பார்த்து முத்திரை குத்துகிறீர்கள்.

கடைசல்காரன்:
முதலில் குத்தியது விற்கிறவர். 3,000 ஆண்டு பழமையைக் கூடுதலாக ஏற்றி விலை சொல்கிறார். ஆதாரத்தை அவரிடம் கேளுங்கள்.