தெரு நாய்கள் விஷயம்: புதுப்பிப்பு

எங்கள் திருவல்லிக்கேணித் தெருவில் ராத்திரி பைக்கைத் துரத்தும் ஆறு நாய்களைப் பற்றிப் போன மாதம் புலம்பியிருந்தேன். "பிடித்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விடச் சொல்லுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். என் எண்ணமும் அதுதான். ஆனால் அப்படிச் செய்ய முடியாது. 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு.

மாநகராட்சிக்கு எழுதிய மூன்றாவது புகாருக்குப் பிறகு நாய் பிடிக்கும் வண்டி வந்தது. வலையோடு இறங்கியதுமே இரண்டு நாய்கள் மாயம். நான்கு மாட்டின. ஒரு வாரம் கழித்து நான்கும் திரும்பி வந்தன, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டோடு. அதில் ஒன்றான கருவாயன் இறங்கிய வேகத்தில் நேராக இட்லிக் கடை வாசலுக்குத்தான் ஓடியது.

அந்தக் கடையில்தான் பிரச்சினையின் வேரும் இருந்தது. ராத்திரி மிஞ்சியதைக் கடைக்கார அக்கா வாசலிலேயே கொட்டுவார். "அக்கா, கொஞ்சம் தள்ளி அந்தக் காலி மனைப் பக்கம் வையுங்களேன்" என்றேன். "அதுக்கென்ன தம்பி, நீயே கொண்டுபோய் வை" என்று சட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்! இப்போது தினமும் பத்தரை மணிக்கு அது என் வேலை.

துரத்தல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தப்பிய இரண்டுக்காக மறுபடி புகார் எழுதியிருக்கிறேன். வண்டி வந்தால் சொல்கிறேன்.