கடன் வாங்கிக் கழித்தலுக்கு ஒரு பண்டிகை விளையாட்டு வேண்டும்

வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கு முன் கிறிஸ்துமஸ், பொங்கலை வைத்துக் கணக்கு விளையாட்டுகள் நடத்துகிறேன். கடன் வாங்கிக் கழித்தலில்தான் சிக்கல். 52-இல் 27 போனால் பாதி வகுப்பு 35 என்று எழுதுகிறது. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள்.

காகித ஸ்டாரின் முனைகளை எண்ணி ஐந்தாம் வாய்ப்பாடு அழகாக வந்தது. 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை கோலம் வைத்து மொத்தம் 37 என்று கூட்டினார்கள். கூட்டலுக்குச் சரி.

அப்புறம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைத்தெரு மாதிரி வகுப்பிலேயே பொங்கல் துணிக்கடை போட்டோம். அங்கே அதே 52-இல் 27 போக மீதி கேட்டால், 27-லிருந்து 30-க்கு 3, 50-க்கு 20, மேலே 2, ஆக மீதி 25 என்று பிள்ளைகள் சட்டென்று சொல்கிறார்கள். அதையே நோட்டில் எழுதச் சொன்னால் மறுபடி 35! பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்தும் காட்டினேன். கையில் குச்சி இருக்கும்வரைதான் சரியாக வருகிறது. இவ்வளவு சூட்டிகையான பிள்ளைகள் கணக்கென்றால் பயம் என்று ஆகிவிடக் கூடாது.

சாக்பீஸ், சார்ட், பழைய காலண்டர் தாள் இருக்கின்றன. வாயால் சரியாகச் சொல்வதை எழுத்துக் கழித்தலுக்குக் கொண்டுவரும் பண்டிகை விளையாட்டு எதையாவது உங்கள் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறீர்களா?