அழுகிய அடீனியம் பிழைத்த கதை (உங்களுடையதையும் சொல்லுங்கள்)

தாம்பரம், மொட்டை மாடி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மாடியில் பதினோரு தொட்டிகள் இருந்தன. துளசியையும் ரோஜாவையும் மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன். அடீனியம் (பாலைவன ரோஜா என்பார்களே, அது), தடித்த இலை கொண்ட ஜேட், கற்றாழை மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். பாலைவனத்துச் செடி, எதையும் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வெயிலைத் தாங்கும், சரி. வடிகால் அடைத்த மாடியில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நிற்பதைத் தாங்குமா என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அடீனியத்தின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மார்கழிக் குளிரில் அது இலை கொட்டுவது வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். ஜேட் இலைகளோ பாட்டி கன்னம் மாதிரி சுருங்கின. பாவம், தாகம் போல என்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். என் தப்பு அங்கேதான். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தமில்லை. குடிக்க வேர் இல்லை. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஜேட் இன்று இடுப்புயரம் இருக்கும்.

சந்தேகம் வந்து அடீனியத்தின் அடிப்பருமனை, அதாவது கிழங்கு போலப் பருத்த அடித்தண்டை, அமுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கல். மறுபக்கம் பழுத்த சப்போட்டா போல விரல் உள்ளே போனது. தொட்டியைக் கவிழ்த்தால், நர்சரியிலிருந்து வந்த தேங்காய் நார்க்கழிவு உருண்டை வேரைச் சுற்றி அப்படியே இருக்கிறது, பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. வாங்கிய அன்று அதை உதறாமல் சுற்றிலும் மட்டும் நல்ல மண்ணைப் போட்டு நட்டது நானேதான்.

வேரைக் கழுவிவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். கையுறை கட்டாயம்: அடீனியம் அரளிக் குடும்பம், பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பில் தடவுவார்களாம். அதனால் சமையலறைக் கத்தி வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பழுப்பை எடுத்தாலும் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தது, இன்னும் வெட்டினேன். மயிரிழைக் கோடு மிச்சமிருந்தாலும் அழுகல் அங்கிருந்து மறுபடி கிளம்பும். சுத்தமான வெள்ளைச் சதை தெரிந்தபோது பாதிக் கிழங்குதான் மிச்சம். வெட்டில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன்.

“இது என்ன திருஷ்டிக்கா?” என்று கேட்டார் மாமியார். கேலியாகக் கேட்டாலும் விஷயம் அதுதான். வாசலில் வேரோடு கட்டிய கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள், ஒரு ஜேட்டுக்கு இரண்டு நாள் பொறுக்க முடியாமல் சொம்பைத் தூக்கியிருக்கிறேன்.

ஈரக் காற்று என்பதால் வெட்டு காய இரண்டு வாரம் ஆனது. பொங்கலுக்கு அப்புறம் மண்தொட்டியில் நட்டேன். பருமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கரி, ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுபவர்கள் மாவு போன்ற தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். (நான் சலித்தது கோதுமை மாவுச் சல்லடையில். அந்தக் கதை தனி.) முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்துத்தான். பங்குனியில் நுனியில் பச்சை தெரிந்தது, மே மாதம் நான்கு பூ.

ஜேட்டின் தண்டு அடிவரை கறுத்துவிட்டது. மூன்று நுனிகளை வெட்டிக் காயவைத்து நட்டேன், இரண்டு வேர் விட்டன. கற்றாழைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோயம்புத்தூர்

அக்கா, ஈரமே இல்லாமல் காய்ந்த தொட்டியிலும் இலை சுருங்கும், தண்ணீர் ஊற்றியும் தேறாது. எனக்கு எச்சிவேரியாவில் (பூப்போல இலை அடுக்கும் சதைப்பற்றுச் செடி) அப்படித்தான் ஆனது. தொட்டி ஓரத்தில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சி. மண்ணைக் கொட்டிவிட்டேன், தொட்டியைக் கொதிநீரில் கழுவினேன். வேரை அலசி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்த தண்ணீரில் முக்கி, நிழலில் ஐந்து நாள் உலர்த்தி நட்டேன். ஆறில் நான்கு தப்பின. இப்போது எறும்பைப் பார்த்தாலே தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஸ்காபரோ, கனடா

இங்கே எங்கள் பிரச்சினை தலைகீழ். நான் வளர்ப்பது செம்பர்விவம், ஆல்ப்ஸ் மலைச் செடி. தாய்க்கோழியும் குஞ்சுகளும் என்று பொருள்படும் பெயரால் இங்கே கூப்பிடுவார்கள். முதல் வருடம் குளிரில் செத்துவிடும் என்று பயந்து வீட்டுக்குள் எடுத்து வந்தேன். வெளிச்சம் பற்றாமல் கீரைத்தண்டு போல நீண்டுவிட்டது. அப்படி நீண்டது திரும்பச் சுருங்காது, தலையை வெட்டித்தான் நட வேண்டும். அடுத்த வருடம் வெளியிலேயே விட்டேன். பனி மூடிக் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மார்ச்சில் பனி உருகும்போது தொட்டியின் அடி இன்னும் உறைந்திருக்கும், உருகிய நீர் இறங்க வழியில்லாமல் நடுக்குருத்து அழுகிவிட்டது. பக்கத்தில் முளைத்த குஞ்சுகளை மட்டும் பிடுங்கிச் சரளை மணலில் நட்டேன். இப்போது அந்த மாதம் தொட்டிகளைக் கூரை ஓரத்தில் சாய்த்து வைக்கிறேன். இன்னொன்று: பூத்த தாய்ச்செடி செத்துவிட்டால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஒரு தரம் பூத்தால் அதன் ஆயுள் அவ்வளவுதான். நான் வீணாக இரண்டு வருடம் மண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.

திருச்சி

நானும் போன வாரம் அடீனியத்தை வெட்டினேன். வெட்டிய இடம் கறுத்துப்போய்விட்டது. திரும்ப வெட்டணுமா?

தாம்பரம்

அமுக்கிப் பாருங்கள். கறுத்திருந்தாலும் காய்ந்து ஓடு மாதிரி கெட்டியாக இருந்தால் ஆறிய புண், தொடாதீர்கள். மெத்தென்று இருந்தாலோ ஈரம் கசிந்தாலோ இன்றைக்கே இன்னும் ஒரு விரல்கடை வெட்டுங்கள்.